வாட்டில் காட்டுக்குள் போகாதவள்

ஜனவரி 9

இந்த நோட்டு நாற்றங்காலுக்காக வாங்கியது. எத்தனை விதை போட்டேன், எத்தனை முளைத்தது, எலி எத்தனை தின்றது என்று எழுதுவதற்கு. இனி மற்றதையும் இதிலேயே எழுதப் போகிறேன். வாயால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மதுரையிலிருந்து மாலை பஸ்ஸில் திரும்பினோம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இரைப்பையில் இருப்பது கல்லீரலுக்கும் போய்விட்டது, அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது, மிஞ்சினால் நாலு மாதம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் வெளியே வந்ததும் இவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

"என்ன சொன்னாரு?"

"புண்ணு கொஞ்சம் பெருசா இருக்காம். காரம் ஆகாதாம். மாத்திரை நாலு மாசத்துக்கு எழுதியிருக்காரு."

"நாலு மாசமா," என்றார். 

மலை ஏறும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜனவரி 11

செண்பக விதை 240. சிவப்புத் தோலைச் சாம்பலில் தேய்த்துக் கழுவி, மணல் தொட்டியில் போட்டோம். இவர் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேய்த்துக் கொடுத்தார். விரல்களில் மட்டும் இன்னும் பலம் இருக்கிறது.

"ஏழாம் நம்பர் காட்டுப் பக்கம் போனியா பிலோ?"

"எங்கங்க நேரம்?"

"சரி."

பதினோரு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

ஜனவரி 14

பொங்கல் வைத்தேன். இரண்டு கரண்டி சாப்பிட்டு வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அன்னத்தாய் கரும்பு கொண்டுவந்து கொடுத்தாள். அவளிடம் இவர் பழைய கதையைச் சொன்னார். பத்தொன்பது வயதில் மேல்மலைக்குக் கூலி வேலைக்கு வந்ததும், தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று புல்வெளி முழுக்க வாட்டில் என்ற சீமை மரம் நட்டதும். ஒரு நாளைக்கு இருநூறு குழியாம். "இந்த மலையில நிக்கிற வாட்டில்ல பாதி என் கையால வச்சது தாயி. புல்லு மேலயே வச்சுட்டோம். கீழ ஓடை வத்துனப்பதான் என்ன செஞ்சோம்னு தெரிஞ்சுச்சு."

அந்த ஓடையை வைத்துத்தான் எங்களுக்குள் சண்டையே. வாட்டில் தண்ணீரை உறிஞ்சிவிட்டது, மொத்தமும் வெட்டிவிட்டால் புல் திரும்பி வரும், ஓடை வரும் என்பேன் நான். வெட்டாதே, ஏழாம் எண் துண்டில் வாட்டில் நிழலுக்குள் இந்த மலைக்கே உரிய சோலை மரங்கள் தானாக முளைத்து வருகின்றன, வந்து பார் என்பார் இவர். வனத்துறை வாட்ச்சராக இருபத்தாறு வருடம் காட்டைச் சுற்றியவர். நான் தாவரவியல் படித்தவள், காடு வளர்க்கும் டிரஸ்ட்டில் நாற்றங்காலும் கணக்கெடுப்பும் பார்ப்பவள். சோலைக் கன்று ஒன்றை வளர்க்க நான் படும் பாடு எனக்குத் தெரியும். அது வாட்டிலுக்கு அடியில் சும்மா முளைக்கும் என்றால் எப்படி நம்புவது?

தான் செய்த தவறுக்கு இவர் ஒரு சமாதானம் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

ஜனவரி 20

எலி 31 விதை. பொறி வைத்தேன். இவருக்குக் கஞ்சி, பாதி வாந்தி.

ஜனவரி 27

ரேஞ்ச் ஆபீஸிலிருந்து கடிதம். அந்நிய மரங்களை அகற்றும் பணி மார்ச் மாதம் தொடங்குகிறதாம். பட்டியலில் முதல் இடம் ஏழாம் எண், பன்னிரண்டு ஹெக்டேர். காரணம் என்ற கட்டத்தில், "முழுவதும் வாட்டில். இயற்கையாகச் சோலை மரம் எதுவும் முளைக்கவில்லை. கணக்கெடுத்தவர்: பிலோமினா சவரிநாதன்."

இரண்டு வருடம் முன்பு மேல்மலையின் இருபத்து மூன்று காட்டுத் துண்டுகளையும் அளந்து எழுதியது நான்தான்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு துணி துவைத்தேன். கடிதத்தை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 3

போனேன்.

விறகு பொறுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனேன். ரோட்டிலிருந்து முப்பது அடி வரை நான் நினைத்தபடிதான் இருந்தது. குச்சி குச்சியாக வாட்டில், கீழே சருகு. அதற்கு மேல் நடந்தால் ஈரம். முதலில் ஒரு இலவங்கக் கன்று, முழங்கால் உயரம். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். அப்புறம் காட்டு நாவல், கூட்டமாக. அப்புறம் எங்கே கால் வைப்பது என்று தெரியவில்லை. என் இடுப்பளவு, தோளளவு, சில என் தலைக்கு மேல். நாற்றங்காலில் ஆறு மாதம் தூக்கம் கெட்டு நான் முளைக்க வைக்கும் செண்பகம் அங்கே எவரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கிறது. மேலே காட்டுப்புறா உட்கார்ந்திருந்தது. வட்டச்சோலையில் பழம் தின்று, இங்கே வந்து எச்சமிட்டு, அத்தனையும் அதன் வேலை. வட்டச்சோலை இங்கிருந்து ஒரு கூப்பிடு தூரம். யாரும் நடாத, முன்னூறு நானூறு வருடமாக நிற்கிற பழைய காடு. அதன் பிள்ளைகள் இங்கே வந்து வளர்ந்துகொண்டிருக்கின்றன.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் அளந்து எண்ணினேன். 41 கன்றுகள், 11 வகை.

சில கன்றுகளில் வெள்ளைத் துணிக் கீற்று கட்டியிருந்தது, காட்டெருமை மிதிக்காமல் சுற்றிலும் முள் போட்டு. கரையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. இவருடைய பழைய வேட்டிகள். எங்கே போகின்றன என்று எத்தனையோ தடவை கேட்டுச் சண்டை போட்டிருக்கிறேன்.

கணக்கெடுத்த அன்று பனி. உள்ளே போக முடியவில்லை. அதனால் வந்த பிழை.

வீட்டுக்கு வந்தபோது என் செருப்பைப் பார்த்தார். வாட்டில் இலை சீப்புப் பல் மாதிரி இருக்கும், ஒட்டிக்கொண்டால் போகாது.

"விறகு கிடைச்சுச்சா?" என்றார். சிரித்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 6

ரேஞ்சர் கோமதிநாயகம் நல்ல மனிதர், தென்காசிப் பக்கம். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"மேடம், ரிப்போர்ட் நீங்கதானே எழுதுனிய?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

"வாயால சொன்னா நான் எப்படி நிறுத்த முடியும்? நேர்ல பாக்காம எழுதிட்டேன்னு லெட்டர் குடுங்க. நான் இன்னைக்கே மேல அனுப்புதேன். ஆனா ஒண்ணு யோசிச்சுக்கிடுங்க. ஒரு எடத்தப் பாக்காம எழுதினேன்னு சொன்னா, மத்த இருபத்திரண்டையும் பாத்தீங்களான்னு கேப்பாங்க. வட்டச்சோலை வழியா ரோடு போடுறத நிறுத்துனது எது? உங்க ரிப்போர்ட்தானே."

அதை நான் யோசிக்கவில்லை. வட்டச்சோலையில் ஒவ்வொரு மரத்தையும் தொட்டு எண்ணினேன். பதினெட்டு நாள். அந்த எண்ணிக்கையால்தான் ரோடு நின்றது. இப்போது என் கையாலேயே என் சொல் பொய் என்று எழுதிக் கொடுத்தால்?

யோசித்துத் தருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 10

இன்னும் எழுதவில்லை.

பிப்ரவரி 15

இவருக்கு வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. ஊர் நர்ஸ் வந்து ஊசி போட்டார். நாற்றங்காலில் 58 முளைத்திருக்கிறது. எழுதவில்லை.

பிப்ரவரி 21

மத்தியானம் தலையணையைச் சாய்த்து உட்கார வைத்தேன். அவரே பேச்சை எடுத்தார்.

"பாத்தேல்ல?"

"பாத்தேன்."

"எத்தன?"

"நாப்பத்தொண்ணு. பத்துக்குப் பத்துல."

கண்ணை மூடிக்கொண்டார். "நான் எண்ணுனதுல்ல. எண்ணத் தெரிஞ்சவ வந்து எண்ணட்டும்னு விட்டுட்டேன்."

"கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

"நீ வந்திருப்பியாக்கும்."

வந்திருக்க மாட்டேன். பார்த்தாலும் ஏதாவது குறை சொல்லியிருப்பேன்.

"இனிமே அதுக்கு ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வராதுங்க," என்றேன்.

மார்ச் 3

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். "ஏழாம் எண் துண்டை நேரில் பார்க்காமல் எழுதினேன். வட்டச்சோலை உட்பட மற்ற அனைத்தையும் நேரில் அளந்தேன். வேண்டுமானால் வேறு யாரையும் கொண்டு சரிபாருங்கள்." கோமதிநாயகம் படித்துவிட்டு என்னைப் பார்க்காமல், "கொஞ்சம் முன்னாடி குடுத்திருக்கலாம். ஆளுங்க பதினொண்ணாம் தேதி வர்றாங்க," என்றார்.

மார்ச் 11

காலை ஒன்பது மணிக்கு ரம்பச் சத்தம் கேட்டது. காற்று எங்கள் வீட்டுப் பக்கம்.

"கீழ தோட்டத்துல தைலமரம் வெட்டுறாங்க போல," என்றேன். அவர் கேட்காமலே.

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "தைலமரம் விழுந்தா தொம்முனு விழும். இது வாட்டில். நான் வச்ச மரத்தோட சத்தம் எனக்குத் தெரியாதா பிலோ?"

நான் எழுந்து உள்ளே போனேன். அரிசி டிரம்மின் அடியிலிருந்து கடிதத்தை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். படித்தார். கோபப்படுவார், அல்லது அழுவார் என்று காத்திருந்தேன். அவர் கடிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார்.

"கீழப்பக்கமிருந்தா வர்றாங்க?"

"ஆமா."

"ஓடிப் போயி மேஸ்திரியப் பாரு. மரத்த மேட்டுப்பக்கமாச் சாய்க்கச் சொல்லு. பள்ளத்துல சாஞ்சா உருண்டு அத்தனையும் அரைச்சிரும். முதல்ல கிளையக் கழிக்கணும். டிராக்டர உள்ள விடாத. ரோட்டுல நிறுத்திட்டுக் கயிறு போட்டு இழுக்கட்டும். நீ முன்னால நின்னு எது எதுன்னு காட்டு. அவங்களுக்குக் கன்னு தெரியாது, பாவம்."

மேஸ்திரி பெயர் வீரபத்திரன். "இப்படி வெட்டுனா நாள் கூட ஆகும்ங்கம்மா," என்றார். பிறகு துணி கட்டிய ஒரு செண்பகத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு வளத்தது?" என்றார். சொன்னேன். மத்தியானத்துக்கு மேல் மேட்டுப்பக்கம் சாய்க்க ஆரம்பித்தார்கள்.

மார்ச் 12

நாற்பது மரம் சாய்த்தார்கள். 17 கன்று நசுங்கியது. நிழல் போய்விட்டதால் நின்றவையும் மாலைக்குள் வாடின.

மார்ச் 15

தொண்டை கட்டிவிட்டது. "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கத்திக் கத்தி. அன்னத்தாய்தான் இவரைப் பார்த்துக்கொள்கிறாள். சாயங்காலம் வந்ததும் எது போனது, எது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். குறைத்துச் சொல்கிறேன். குறைத்துச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரிகிறது.

மார்ச் 18

தண்ணீர்கூட இறங்கவில்லை. பஞ்சில் நனைத்து உதட்டில் வைத்தேன். கை கால் சில்லென்று இருக்கிறது. நாளைக்கு நான் காட்டுக்குப் போகப் போவதில்லை.

மார்ச் 20

அடக்கம் முடிந்தது.

மார்ச் 26

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது.

19ஆம் தேதி காலை நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரம்பச் சத்தம் தொடங்கியதும் கண்ணைத் திறந்தார்.

"நீ போகல?"

"போகலங்க."

"இங்க உக்காந்து என்னப் பாத்து என்ன ஆகப் போகுது? அங்க போயி நின்னா நாலு கன்னாவது நிக்கும். போ."

"வேண்டாம்ங்க."

"பிலோ. போம்மா."

என்னிடம் அவர் 'போம்மா' என்று சொன்னதே இல்லை. போனேன். பதினொன்றரை மணி இருக்கும், ஒரு நாவல் மரத்தடியில் நின்று வீரபத்திரனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன். அன்னத்தாய் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் வீரபத்திரன் ரம்பத்தை நிறுத்திவிட்டார். அன்றைக்கு யாரும் அதற்குப் பிறகு வெட்டவில்லை.

அந்த நாவல் நிற்கிறது. அதற்காக நான் என்ன செய்ய?

24ஆம் தேதி தடை உத்தரவு வந்தது. மறு ஆய்வு முடியும்வரை ஏழாம் எண்ணில் வெட்டக் கூடாது. பன்னிரண்டில் நாலு ஹெக்டேர் ஏற்கெனவே போய்விட்டது. கோமதிநாயகம் வீட்டுக்கே வந்து கொடுத்தார். நான் கடிதம் கொடுத்தது மார்ச் 3. உத்தரவு வர இருபத்தொரு நாள். பிப்ரவரி 6ஆம் தேதி அவர் கேட்டபோதே கொடுத்திருந்தால் பிப்ரவரி கடைசியில் வந்திருக்கும். ரம்பம் மலையே ஏறியிருக்காது. நான் அந்த மேட்டில் கை காட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்காது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். முன்னால் எழுதிய பக்கத்தை அடிக்கப் போவதில்லை.

கணக்கெடுத்த அன்று பனி இல்லை. நல்ல வெயில். அளக்கும் டேப்பைப் பிடிக்க வாட்ச்சராக இவர்தான் கூட வந்தார். ரோட்டோரம் ஜீப் நின்றது. "ஒரு எட்டு உள்ள வந்துட்டுப் போயிருவோம் பிலோ," என்று கெஞ்சினார். அன்று காலையில்தான் வீட்டில் இதே விஷயத்துக்குப் பெரிய சண்டை. "உள்ள என்ன இருக்கப் போகுது, நீங்க வச்ச வெறும் வாட்டில்தானே," என்றேன். ஜீப்பில் உட்கார்ந்தபடியே எழுதினேன். எழுதும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் பிரிக்காத டேப்பைப் பையில் போட்டார். சாயங்காலம் டிரஸ்ட் ஆபீஸில் ஒருவர் "ஏழாம் நம்பருக்குள்ள போகலையா?" என்று கேட்டதற்கு இவர்தான் சொன்னார், "மேல ஒரே பனிப்பா. உள்ள போக முடியல."

எனக்காகச் சொன்ன பொய். அதை இரண்டு வருடமாக என்னுடையதாக வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 22

வெளியிலிருந்து குழுவினர் வந்து வட்டச்சோலையை ஒரு வாரம் அளந்தார்கள். என் எண்ணிக்கைக்கும் அவர்கள் எண்ணிக்கைக்கும் நாலு மரம்தான் வித்தியாசம். அந்த நாலும் போன வருடக் காற்றில் விழுந்தவை. ரோடு வராது. நான் பயந்தது நடக்கவில்லை. அந்தப் பயத்துக்குத்தான் இருபத்தைந்து நாள் கொடுத்தேன்.

கணக்கெடுப்பு வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். சரிதான். நாற்றங்கால் இருக்கிறது.

மே 9

டாக்டர் சொன்ன நாலு மாதம் இன்றோடு முடிகிறது.

ஜூன் 12

மழை பிடித்துவிட்டது. வெட்டிய நாலு ஹெக்டேரைப் போய்ப் பார்த்தேன். புல் வரவில்லை. மண்ணுக்குள் முப்பது வருடமாகக் கிடந்த வாட்டில் விதை அத்தனையும் வெளிச்சம் பட்டதும் முளைத்துவிட்டது. கால் வைக்க இடமில்லாமல் பச்சைக் கம்பளம். உட்கார்ந்து பிடுங்கினேன். மாலைவரை பிடுங்கியதில் ஒரு பாய் விரிக்கும் அளவு வெறும் மண் தெரிந்தது.

ஜூன் 13

பிடுங்கினேன்.

ஜூன் 14

பிடுங்கினேன். அன்னத்தாயும் வந்தாள்.

ஜூலை 3

மறு ஆய்வு. கோவையிலிருந்து ஆதிரை என்ற பெண் வந்திருந்தாள், முப்பது வயதிருக்கும். கூட வரவேண்டிய உதவியாளருக்குக் காய்ச்சலாம். "அம்மா, டேப்போட அந்த முனைய நீங்க பிடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். பிடித்தேன்.

முதலில் வெட்டிய பகுதி. அங்கே உயிரோடு இருப்பவை ஒன்பது. அவள் எழுதினாள்.

பிறகு நிற்கிற எட்டு ஹெக்டேர். அவள் முன்னால் போனாள். கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி, "இத்தனையுமா தானா வந்துச்சு?" என்றாள். பத்து இடத்தில் அளந்தோம். நான் எண்ணிச் சொல்ல, அவள் எழுத. மழைத் தூறலில் தாள் நனையாமல் அவள் குடையை நோட்டுக்குப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் ஒரு பாறையில் உட்கார்ந்து கூட்டினாள். பத்து இடத்திலும் சேர்த்து முன்னூற்று எண்பத்தாறு. பதினேழு வகை.

"இங்க வாட்டில ஒரேயடியா எடுக்கவே கூடாதும்மா. கன்னு வளர வளர, மேல ஒவ்வொண்ணா எடுத்துக்கலாம். அப்படித்தான் எழுதப் போறேன். வட்டச்சோலை மாதிரியே இதுவும் ஒருநாள் சோலையாயிரும்." பிறகு கேட்டாள், "இத முதல்ல கவனிச்சது யாரு? ரிப்போர்ட்ல பேரு போடணும். நீங்களா?"

"இல்லம்மா. சவரிநாதன். வாட்ச்சரா இருந்தாரு."

"சவரிநாதன்," என்று எழுதினாள். "அவருகிட்டப் பேசணுமே. எந்த வருஷம் எது வந்துச்சுன்னு அவருக்குத்தான் தெரியும்."

"பேச முடியாதும்மா," என்றேன்.  அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

அவளை ஜீப்பில் ஏற்றிவிட்டு மழைக்குள் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அந்த எண் வாயில் ஓடிக்கொண்டே இருந்தது. மறந்துவிடக் கூடாது என்று வேகமாக நடந்தேன். கடைசித் திருப்பத்தில் ஓடவே ஆரம்பித்துவிட்டேன். கேட்டைத் திறக்கும்போதே உள்ளே பார்த்துக் கத்தினேன், "ஏங்க, முன்னூத்தி எண்பத்தாறு! பதினேழு வகை!"

பக்கத்து வாசலில் மழைத் தண்ணீரைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்த அன்னத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.  கொஞ்ச நேரம் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டு, மறுபடி குனிந்து கூட்டத் தொடங்கினாள்.